பிளக்கின் மூக்கு

ஐதராபாத்தின் பழைய நகரத்தில், சார்மினாரிலிருந்து சிறிது தூரம் நடந்தால் எட்டிவிடக்கூடிய சௌமஹல்லா அரண்மனைக்குச் செல்கிறவர்கள், தர்பார் மண்டபத்தின் பளிங்குத் தளத்தையும் அதன்மேல் தொங்கும் கண்ணாடிச் சரவிளக்குகளையும் பார்த்து வியந்த பின்னர், அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் வண்டியின் எதிரில் சற்று நேரம் நிற்பது வழக்கம். ஆறாவது நிஜாமாகிய மஹபூப் அலி கான் தமக்கென்று செய்யச் சொல்லி, அது வந்து சேர்வதற்கு முன்பே 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காலமாகிவிட, அவருடைய குமாரர் உஸ்மான் அலி கானின் ஆட்சியில் வந்திறங்கிய 1912-ஆம் ஆண்டின் ‘சில்வர் கோஸ்ட்’ வண்டி அது. சிம்மாசனம்போல் உயர்த்தி அமைக்கப்பட்ட அதன் பின்னாசனத்திலேயே எல்லோருடைய கண்ணும் போய் நிற்கும். ஆனால் யந்திரங்களில் பற்றுள்ள ஒருவர், அந்த ஆசனத்தை விட்டுவிட்டு, முன்புற மூடியைத் தூக்கிப் பார்க்க முடியுமா என்றுதான் ஏங்குவார். அந்த வகை வண்டியின் எஞ்சினில் சிலிண்டர்கள் ஆறு; அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய ஏழரை லிட்டர்; அந்த ஆறு சிலிண்டர்களுக்கும் பொருத்தப்பட்ட ஸ்பார்க் பிளக்குகளோ பன்னிரண்டு.

சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு பிளக். ஒரு வரிசைக்கு மாக்னெட்டோவிலிருந்தும், மற்றொரு வரிசைக்குப் பாட்டரியையும் அதிர்வுச் சுருளையும் கொண்ட வேறொரு சாதனத்திலிருந்தும் மின்சாரம். உலகத்திலேயே மிகச் சிறந்த மோட்டார் வண்டி எங்களுடையதே என்று சொல்லிக்கொள்ளத் தயங்காத ஒரு நிறுவனம், தன் திருகாணி ஒவ்வொன்றையும் நம்பிய அந்த நிறுவனம், ஒரே ஒரு பிளக்கை மட்டும் நம்பிச் சிலிண்டரை ஒப்படைக்கத் துணியவில்லை என்பதிலிருந்து, அக்காலத்தில் அந்தச் சிறு பொருளுக்கு இருந்த அபகீர்த்தி எவ்வளவு என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இன்றோ, அதே நகரத்தில் ஓடும் சாதாரணக் கார் ஒன்றின் உரிமையாளர், தம் வண்டியில் பிளக் எங்கே இருக்கிறது என்பதைக்கூட அறியாமல் ஐம்பதினாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிடுகிறார். இந்த மாறுதல் எப்படி ஏற்பட்டது, அது ஏற்பட்ட பிறகும் நம்முடைய பழக்கங்கள் ஏன் மாறவில்லை, மாறாத அந்தப் பழக்கங்களால் கெட்டுப்போகிறவை எவை என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் உழைத்த லெனுவார் 1860-இல் தம்முடைய வாயு எஞ்சினில் மின்பொறியைக் கொண்டு தீ மூட்டினார். எனினும் மோட்டார் வண்டிக்கு ஏற்ற உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்குப் பொருத்தமான பிளக்கையும் சேர்த்து உருவாக்கியவர், ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹோனோல்ட் என்னும் பொறியியலறிஞர். அவருடைய சாதனத்துக்கு 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காப்புரிமை கிடைத்தது. அன்று முதல் இன்று வரை பிளக்கின் உருவம் பெரிதாக மாறிவிடவில்லை. நடுவில் ஒரு மின்முனை. அதைச் சூழ்ந்து மின்சாரம் கசியாமல் காக்கும் பீங்கான் போன்ற ஒரு காப்பு. அதற்கு வெளியே மரையிட்ட எஃகுக் கூடு. கூட்டின் அடியிலிருந்து வளைந்து வந்து நடு முனைக்கு நேரே நிற்கும் மற்றொரு முனை. இவ்வளவுதான். மாறியதெல்லாம் எதனால் செய்கிறார்கள் என்பது மட்டுமே. அந்த மாறுதலில் நம்முடைய நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

தொடக்கக் காலத்துப் பிளக்குகளில் காப்பாக இருந்தது பீங்கான். அரண்மனை மேஜைகளில் அலங்காரமாக இருந்த அதே வகைப் பீங்கானுக்கு, ஒரு கணம் இரண்டாயிரம் பாகை உஷ்ணத்தில் வெந்து மறுகணம் உள்ளே வரும் குளிர்ந்த பெட்ரோல் காற்றில் நனைவது தாங்கக்கூடிய காரியமல்ல, விரிசல் கண்டது, விரிசலில் புகை படிந்தது, படிந்த புகையின் வழியாக மின்சாரம் பொறியாகத் தாவாமல் திருட்டு வழியில் கசிந்தது. ஆகவே பந்தய வண்டிக்காரர்களும் ஆகாய விமானக்காரர்களும் அபிரகத்தை நாடினார்கள். பந்தய ஓட்டியாகப் புகழ்பெற்ற கெனெல்ம் லீ கின்னஸ் என்பவர் லண்டன் நகருக்கு அருகே தம் பெயரின் முதலெழுத்துகளாலேயே தொடங்கிய கே.எல்.ஜி. பிளக்குகள், மெல்லிய அபிரகத் தகடுகளை அடுக்கி இறுக்கிச் செய்யப்பட்டவை. உலகத்துத் தகட்டு அபிரகத்தில் பெரும்பகுதி அன்று நம் நாட்டிலிருந்துதான் போயிற்று: அப்போது பீகாரைச் சேர்ந்திருந்த கோடர்மாப் பிரதேசமும், சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவின் கூடூர்ப் பக்கத்துச் சுரங்கங்களும் அதற்குப் பேர்போனவை.

அபிரகத்தையும் வீழ்த்தியது ஈயம். எஞ்சின் ‘தட்டாமல்’ இருக்க வேண்டுமென்று 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கத் தொடங்கினார்கள். அந்த ஈயம் எரிந்து உண்டாக்கும் உப்புகளும் ஆக்ஸைடுகளும் காப்பின்மேல் படிந்தன. அதனைத் தாங்குவதற்கு வந்தது அலுமினா, அதாவது அலுமினியத்தின் ஆக்ஸைடு. மாவாகப் பொடித்து, அச்சில் அழுத்தி, சுமார் 1,600 பாகை சென்டிகிரேடு உலையில் உருகவிடாமல் சுட்டெடுக்கும்போது, பொடியின் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, மாணிக்கக் கல்லின் வகையைச் சேர்ந்த கடினமான ஒரே உடலாகிவிடுகின்றன. இந்த வித்தை ஐதராபாத்துக்கு அந்நியமானதல்ல. 1971 முதல் அங்கே இயங்கிவரும் அணு எரிபொருள் வளாகத்தில், யுரேனியம் ஆக்ஸைடுப் பொடியைச் சிறு வில்லைகளாக அழுத்திச் சுமார் 1,700 பாகையில் சுட்டெடுக்கிறார்கள். பாலாப்பூரில் இருக்கும் துகள் உலோகவியல் ஆராய்ச்சி மையமோ இவ்வகை வித்தைகளுக்காகவே ஏற்பட்டது. அணு உலையின் உள்ளே இருப்பதற்கும், முச்சக்கர வண்டியின் எஞ்சினில் திருகப்பட்டிருப்பதற்கும் அடிப்படையான பாகசாஸ்திரம் ஏறக்குறைய ஒன்றே.

இனிப் பொறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை மின்பொறி தாவுவதற்குச் சுமார் 3,000 வோல்ட் போதும். எஞ்சினுக்குள்ளே காற்றும் பெட்ரோலும் எட்டு பத்து மடங்கு நெருக்கி அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பத்தாயிரம் முதல் இருபத்தையாயிரம் வோல்ட் வரை வேண்டியிருக்கிறது. அழுத்தமும் இடைவெளியும் கூடக் கூட வேண்டிய மின்னழுத்தமும் கூடும் என்பது பாஷென் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1889-இல் கண்ட விதி. இந்த விதியை நினைவில் வைத்துக்கொண்டால், நம்முடைய பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு பரீட்சை எவ்வளவு பயனற்றது என்பது விளங்கும். பிளக்கைக் கழற்றி, கம்பியோடு சேர்த்து எஞ்சினின்மேல் சாய்த்து வைத்து, வண்டியைக் கிளப்பச் சொல்லி, நீலப் பொறி பறக்கிறதா என்று பார்த்து, பறந்தால் ‘பிளக் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்லுவார்கள். திறந்த வெளியில் மூவாயிரம் வோல்ட்டில் பறந்துவிட்ட பொறி, அழுத்தத்தின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்குப் பறக்கும் என்பதற்கு அதில் எந்த ருசுவும் இல்லை. தவிர, இக்காலத்து மின்னணுச் சாதனங்கள் உள்ள வண்டியில் இந்தப் பரீட்சையைச் செய்வது கைக்கும் ஆபத்து, கருவிக்கும் ஆபத்து.

ஒரு பொறியில் அடங்கியிருக்கும் சக்தி மிகச் சொற்பம். சில பத்து மில்லிஜூல். அது நிலைப்பதும் ஒன்றிரண்டு மில்லிசெகண்டுதான். ஆனால் அது தோன்றும் முதல் கணத்தில், ஒரு செகண்டின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் ஊசிமுனையளவு இடத்தில் பாய்ந்து, அந்த இடத்து உலோகத்தில் சில அணுக்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1,000 முறை பொறி விட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 20,000 கிலோமீட்டர் ஓடுவதற்கு 500 மணி நேரம். அதற்குள் மூன்று கோடிப் பொறிகள். அமீர்பேட்டையிலும் பேகம்பேட்டையிலும் அலுவலக நேரத்தில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு வேகம் பாதியாகக் குறைகிறது. கீழ்க் கியரில் எஞ்சின் சுற்றுவதோ குறைவதில்லை. எனவே அதே தூரத்துக்குப் பொறிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்துவிடும். கிலோமீட்டர்க் கணக்கில் பிளக்குக்கு வயது சொல்லுவது வெறும் சௌகரியம். உண்மையில் அதற்கு வயது மணிக்கணக்கில்தான் ஏறுகிறது.

இவ்வாறு தேய்வதனால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. இடைவெளி அகலுகிறது என்பது ஒன்று. அது எல்லோருக்கும் தெரிந்ததே. மற்றொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படாதது: புதிய முனையின் கூர்மையான விளிம்பில் மின்புலம் செறிந்து நிற்பதால் பொறி எளிதில் புறப்படும், விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால், இடைவெளியைச் சரியாக வளைத்து வைத்தாலும்கூட, பழைய மின்னழுத்தத்துக்குப் பொறி புறப்படாது. நிக்கலுக்குப் பதிலாகப் பிளாட்டினத்தையும் இரிடியத்தையும் பயன்படுத்துவதன் இரகசியம் இதிலேதான் இருக்கிறது. நிக்கல் 1,455 பாகையில் உருகும். பிளாட்டினம் 1,768 பாகையில். இரிடியமோ 2,446 பாகையில். அவ்வளவு உறுதியான உலோகத்தை அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய முனையாக வைக்கலாம். மெல்லிய முனை கூர்மையை இழப்பதில்லை. நிக்கல் பிளக் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டரில் ஓய்வு கேட்குமென்றால், இரிடியம் வகை லட்சம் கிலோமீட்டர் வரையிலும் தாங்குவது இதனால்தான்.

எனினும் பிளக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது பொறி மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பொறியைவிட முக்கியமானது உஷ்ணம். அலுமினாக் காப்பின் அடிப்பகுதி, முனையைச் சுற்றிக் கூம்பாக நீண்டு எரியறைக்குள் எட்டிப் பார்க்கும் அந்தப் பகுதி, ‘மூக்கு’ என்று சொல்லப்படும். அது ஏறக்குறைய 500 பாகைக்கு மேலிருந்தால்தான் அதன்மேல் படியும் கரி தானே எரிந்து போகும். 850 பாகையைத் தாண்டினாலோ, பொறி வருவதற்கு முன்பே அந்த மூக்கின் செந்தழலே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும் அபாயம் உண்டு. அப்படிப் பற்றினால் மேலே ஏறிவரும் பிஸ்டனின் தலையில் சம்மட்டி விழுந்தது போலாகி, பிஸ்டன் ஓட்டை விழுவதும் உண்டு. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே மூக்கை நிறுத்தி வைப்பதற்காகத்தான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு வகைப் பிளக் விதிக்கப்பட்டிருக்கிறது. மூக்கு நீளமாக இருந்தால் உஷ்ணம் கூட்டுக்குப் போய்ச் சேர நெடுவழி; அது ‘சூடான’ பிளக். குட்டையாக இருந்தால் குறுக்கு வழி. அது ‘குளிர்ந்த’ பிளக். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். மரையும் ஒன்று, உயரமும் ஒன்று. கடைக்காரர் ‘இதுவும் அதேதான் சார்’ என்று எடுத்துக் கொடுத்தால், பெட்டியின்மேல் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் வாங்குவது விவேகமல்ல.

ஐதராபாத்தின் போக்குவரத்து இந்த மூக்குக்கு ஒரு விசேஷமான சோதனை வைக்கிறது. காலையில் மூன்று கிலோமீட்டர், மாலையில் மூன்று கிலோமீட்டர், நடுவே சிவப்பு விளக்குகளில் நின்று நின்று போகும் வண்டியின் மூக்கு, 500 பாகையை எட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடும்; கரி படிந்துகொண்டே போகும். அதே வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தைச் சுற்றி 158 கிலோமீட்டர் வளையமாக ஓடும் வெளிவட்டச் சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓடினால், படிந்த கரியெல்லாம் எரிந்து மூக்கு வெளுத்துவிடும். பட்டறையில் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் ‘சர்வீஸ்’ பலவற்றைவிட அந்த அரைமணி நேர ஓட்டம் மேலானது என்பது என் அபிப்பிராயம்.

கழற்றிய பிளக்கை என்ன செய்வது? சார்மினாருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நிஜாமியா யூனானி ஆஸ்பத்திரியில் ஹக்கீம் நோயாளியின் நாவை நீட்டச் சொல்லி அதன் நிறத்தைப் பார்ப்பது போல, மூக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும், துலக்குவது பிறகு. இதிலேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். கழற்றிய மாத்திரத்தில் கம்பித் தூரிகையால் தேய்த்து, உப்புத்தாளால் உரசி, பெட்ரோலில் அலசிப் பளபளவென்று ஆக்கிவிட்டு, ‘எல்லாம் கிளீன் ஆயிற்று’ என்று மாட்டுகிறார்கள். நோயைச் சொல்ல வந்த சாட்சியின் வாயை அடைத்துவிட்ட கதைதான் அது.

மூக்கு இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் சௌக்கியம். பஞ்சுபோன்ற உலர்ந்த கருமை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு: காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், பழைய கார்புரேட்டர் வண்டியானால், சென்னையின் கடற்கரைக் காற்றுக்குச் சரிசெய்யப்பட்டது 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த தக்காணப் பீடபூமியில் வந்து சற்றே பெட்ரோலை மிகுத்துக் கொடுக்கலாம். வெள்ளையாகக் கொப்புளித்து, முனையின் ஓரம் உருகிய சாயலோடு இருந்தால், மித மிஞ்சிய உஷ்ணம்: பிளக்கின் வகை தவறு, அல்லது ரேடியேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை, அல்லது பொறி விடும் நேரம் முந்திவிட்டது. ஈரமான எண்ணெய்க் கருமையாக இருந்தால்தான் சற்றுக் கவலைப்பட வேண்டும். பிஸ்டன் வளையங்களின் வழியாகவோ வால்வுகளின் வழியாகவோ எஞ்சின் ஆயில் எரியறைக்குள் புகுகிறது. ஆயிலோடு கலந்த பெட்ரோலையே குடித்து வாழ்ந்த பழைய இரண்டு வீச்சு ஆட்டோக்களுக்கு மட்டும் அது ஜன்மசுபாவம். அவற்றின் ஓட்டுநர்கள் மாற்றுப் பிளக் ஒன்றைக் கையோடு வைத்திருந்ததில் வியப்பில்லை. ஒரு குறிப்பையும் இங்கே சொல்லிவிடலாம். வெளிப்புறத்தில், வெள்ளைக் காப்பு எஃகுக் கூட்டுக்குள் நுழையும் இடத்தில், பழுப்பு வளையம் ஒன்று காணப்படுவதுண்டு. வாயு கசிகிறது என்று பயமுறுத்திப் புதிய பிளக்கைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உயர் மின்னழுத்தத்தைச் சுற்றி உண்டாகும் மின்னொளிர்வு காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்து ஒட்டவைத்த கறை அது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

எண்ணெய்க் கருமைக்கு மூலகாரணம் என்ன என்று தேடிக்கொண்டு போனால், ஐதராபாத்தில் அது பெரும்பாலும் தூசியில் போய் முடியும். அந்த நகரம் கருங்கல்லின்மேல் அமர்ந்திருக்கிறது. பஞ்சாரா மலையிலும் கச்சிபௌலியிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இயற்கை அடுக்கி வைத்திருந்த பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். அவற்றை வெடி வைத்துத் தகர்த்துத்தான் புதிய நகரம் எழும்புகிறது. எஞ்சிய பாறைகளையாவது காப்பாற்ற வேண்டுமென்று 1996-இல் ஒரு சங்கமே ஏற்பட்டது. அவர்கள் அழகுக்காகக் காக்கச் சொன்னது, எஞ்சினுக்காகவும் சொல்லத் தக்கதே. ஏனெனில் கருங்கல்லின் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 11 கிலோ காற்று, அதாவது ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று, வடிகட்டியின் வழியாக உள்ளே போக வேண்டும். வடிகட்டியின் ரப்பர் விளிம்பு ஓரிடத்தில் சரியாகப் படியாவிட்டால் போதும். குவார்ட்ஸ் துகள்கள் ஆயிலோடு கலந்து அரைக்கும் பசையாகி, வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் நாள்தோறும் இழைத்துக்கொண்டே இருக்கும். இழைந்த சந்தின் வழியாக ஆயில் மேலே ஏறும். ஏறிய ஆயில் பிளக்கின் மூக்கில் வந்து நிற்கும். அந்தப் பிளக்கை எத்தனை முறை துலக்கினாலும் பயனில்லை. சில நூறு ரூபாய் விலையுள்ள வடிகட்டியைத் தட்டித் தட்டி உபயோகித்த சிக்கனம், எஞ்சினைப் பிரிக்கும் செலவில் போய் முடியும்.

சிக்கனத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1932-இல் நிஜாம் ராஜ்ய ரயில்வேயின் கிளையாக 27 பஸ்களோடு ஐதராபாத்தில் அரசாங்கப் பஸ் போக்குவரத்துத் தொடங்கியபோது, ஸ்காட்லாந்திலிருந்து ஆல்பியன் பஸ்கள் கப்பலேறி வந்த அந்தக் காலத்தில், பெட்ரோல் எஞ்சினின் பிளக்குகளைக் குறித்த இடைவெளியில் கழற்றித் துலக்கி, இடைவெளியை அளந்து மாட்டுவது அவசியமான கடமையாக இருந்தது. பெட்ரோலில் ஈயம் இருந்தது. கார்புரேட்டர் கணக்கில்லாமல் பெட்ரோலை ஊற்றியது. பிளக்கின் விலையும் அன்றைய கூலியோடு ஒப்பிட அதிகம். பின்னர் பஸ்கள், பிளக்கே வேண்டாத டீசலுக்குப் போய்விட்டன. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் முறை வந்தது. துலக்குவதற்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்ட போதிலும், துலக்கும் பழக்கம் மட்டும் உஸ்தாதிடமிருந்து சீடனுக்கும் அவனிடமிருந்து அவன் சீடனுக்குமாக இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. கம்பித் தூரிகையின் எஃகுத் துகள் அலுமினாவின்மேல் கோடாகப் படிந்து தானே ஒரு கசிவு வழியாகிவிடுகிறது என்பதையும், இரிடியத்தின் மெல்லிய முனை ஒரே தேய்ப்பில் முறிந்துவிடக்கூடும் என்பதையும் யார் அவர்களுக்குச் சொல்லுவது?

தேய்ந்த பிளக்கைத் துலக்கித் துலக்கி ஓட்டுவதனால் மிச்சமாகும் பணம் எங்கே போகிறதென்று பார்ப்போம். முனை தேய்ந்துவிட்ட பிளக், 15,000 வோல்ட்டுக்குப் பதிலாக 25,000 வோல்ட் கேட்கிறது. அதைத் தர வேண்டியது பாட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான மடங்கு உயர்த்தும் மின்சுருள். ஒவ்வொரு முறையும் தன் சக்தியின் எல்லை வரை முயன்று, உள்ளேயிருக்கும் மெல்லிய காப்புப் பூச்சு உஷ்ணத்தால் பலவீனமாகி, மே மாதத்தில் 40 பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும் ஒரு பகலில், சுருள் உயிரை விடுகிறது. அதோடும் நிற்பதில்லை. பொறி தவறும் ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் போய், அங்கே பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய பீங்கான் தேனடையாகிய புகைச் சுத்திகரிப்பானில் பற்றி எரிகிறது. தேனடை உருகி அடைத்துக்கொள்கிறது. ‘வண்டி இழுக்கவில்லை’ என்று உரிமையாளர் வந்து நிற்கும்போது, நான்கு பிளக்குகளின் விலைக்குப் பல பத்து மடங்கு பில் காத்திருக்கும். காரின் உறுப்புகள் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்று விரும்புகிறவர், எந்த உறுப்பை உரிய காலத்தில் சாகவிட வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிளக்கும், வடிகட்டியும், ஆயிலும் மற்றவற்றுக்காக மடிவதற்கென்றே படைக்கப்பட்டவை. எல்.பி.ஜி.யிலும் சி.என்.ஜி.யிலும் ஓடும் ஆட்டோக்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். அந்த வாயுக்களில் பொறி தாவப் பெட்ரோலில் வேண்டியதைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். ஆகையால் இடைவெளியைச் சற்றுக் குறைத்து வைப்பதும், பிளக்கை முன்னதாகவே மாற்றுவதும் நியாயம்.

ரேடியேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருங்கல் பூமியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகள் கரைந்திருக்கின்றன. குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினால், சூட்டில் அவை செதிலாகப் படிந்து உஷ்ணம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் தகுந்த கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவைப் பார்த்து முகம் சுளிக்கிறவர், வெள்ளைக் கொப்புளம் கண்ட பிளக்கைப் பார்த்துத்தான் பாடம் கற்பார்.

சிகந்திராபாத்தின் ராணிகஞ்சில், உதிரிப் பாகங்களுக்கென்றே வரிசை வரிசையாக இருக்கும் கடைகளில் புதிய பிளக்குகளை வாங்கி வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மாட்டுவதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியத் தலையிலிருந்து பிளக்கைத் திருகி எடுத்தால் மரையும் கூடவே வந்துவிடும். கழற்றுமுன் பள்ளத்தில் கிடக்கும் தூசியைக் காற்றால் ஊதிவிட வேண்டும். இல்லையேல், வடிகட்டி இத்தனை நாள் தடுத்து நிறுத்திய குவார்ட்ஸ் எல்லாம் ஒரே நாளில் நேராகச் சிலிண்டருக்குள் விழும். புதிய பிளக்கைக் கருவி இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருக வேண்டும். மரை சரியாகப் பிடித்ததா என்பதை விரல்தான் அறியும், நீண்ட ஸ்பானர் அறியாது. விரல் நின்ற இடத்திலிருந்து, புதிய வளையம் உள்ள 14 மில்லிமீட்டர்ப் பிளக்கானால் அரைச் சுற்றுக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு சுற்றுக்கு மிகாமலும் இறுக்கலாம். ஏற்கெனவே நசுங்கிய வளையமானால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். முறுக்கு அளக்கும் ஸ்பானர் இருந்தால், அலுமினியத் தலைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மிகையாக இறுக்கினால் மரை பிய்யும், காப்பில் விரிசல் விழும். குறைவாக இறுக்கினால் வரும் தீங்கு பலருக்குத் தெரியாது: மூக்கின் உஷ்ணம் வெளியேறுவது பெரும்பாலும் அந்த வளையத்தின் வழியாகவும் மரையின் வழியாகவும்தான், தளர்ந்த பிளக், எந்த வகையைச் சேர்ந்ததானாலும், தன் அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டனுக்கு வினையாக முடியும்.

கழற்றிய பழைய பிளக்குகளை உடனே எறிந்துவிடாமல், எந்தச் சிலிண்டரில் இருந்தது என்ற வரிசைப்படி காகிதத்தில் சுற்றி, அன்றைய கிலோமீட்டரையும் மூக்கின் நிறத்தையும் அதன்மேல் எழுதி, வண்டியின் கருவிப் பெட்டியில் போட்டு வைக்கும் வழக்கம் சில பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. அடுத்த முறை மூன்றாவது சிலிண்டரின் மூக்கு மட்டும் எண்ணெயில் கறுத்திருக்குமானால், அந்தக் கேடு புதிதாக வந்ததா, அல்லது முப்பதினாயிரம் கிலோமீட்டருக்கு முன்பே மெல்லத் தொடங்கியதா என்பதை, எஞ்சினைப் பிரிக்காமலே அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.